கடல் 'செடி' உடம்பில் பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து தேவிபட்டினத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ கடலாடப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கடலில் பாறையிலும் கயிற்றிலும் இறகு போல ஒட்டியிருப்பதெல்லாம் செடி அல்ல. அது ஹைட்ராய்டாகவும் இருக்கலாம். ஜெல்லி மீனுக்குச் சொந்தக்கார உயிரினம்; தொட்டால் நுண்ணிய கொட்டும் செல்கள் வெடித்து, தோல் எரியும், தடிக்கும்.

நல்ல தண்ணீரில் கழுவத்தான் கை போகும். அதுதான் தப்பு, மிச்ச செல்களும் வெடித்துவிடும். கடல் நீரிலேயே கழுவுங்கள், தேய்க்காதீர்கள். ஒட்டியிருப்பதை இடுக்கியால் எடுங்கள். அப்புறம் பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் வலி குறையும். ஆச்சி சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தால் தடுத்துவிடுங்கள்.

மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே 108.

நிஜமான பாசி உடைக்குள் சிக்கி அரித்தால் கதை வேறு: உடையைக் களைந்து, சோப்புப் போட்டு நல்ல தண்ணீரிலேயே குளிக்கலாம்.