பேச இயலாத அக்காவுக்காக ஒரு குறிப்பேடு எழுதுவது எப்படி

என் அக்கா பேசுவதில்லை. நடக்கவும், தானாக உண்ணவும், வேண்டிய பொருளைச் சுட்டிக்காட்டவும் அவரால் இயலாது. 18 ஆண்டுகளாக அவர் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வாழ்கிறார். இந்த ஆண்டுகளில் அவரைக் குளிப்பாட்டியவர்களும், ஊட்டியவர்களும், இரவில் புரட்டிப் படுக்க வைத்தவர்களும் ஏராளம். அவர்களில் ஒவ்வொருவரும் வேலையை விட்டுச் சென்றபோது, அக்காவைப் பற்றி அவர் கற்றிருந்ததும் கூடவே சென்றுவிட்டது. பேசக்கூடியவராக இருந்தால், புதிதாக வந்தவரிடம் "இப்படிப் பிடிக்காதீர்கள், வலிக்கிறது" என்று தானே சொல்லிவிடுவார். அக்காவுக்காக அதைச் சொல்வது ஒரு குறிப்பேடுதான். உங்கள் சகோதரியோ மகளோ இப்படிப்பட்ட நிலையில் இல்லத்தில் இருந்தால், அதை எழுதும் முறையை எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

ஒரே நாளில் உட்கார்ந்து எழுதி முடிக்க நினைக்காதீர்கள். முதல் இரண்டு வாரங்கள் கவனிப்பதற்கு மட்டுமே. வெவ்வேறு வேளைகளில் சென்று பாருங்கள். நீங்கள் இல்லாத வேளைகளைப் பற்றி இரவுப் பணியில் இருப்பவரிடமும் அறையைத் துடைக்க வருபவரிடமும் கேளுங்கள். மருத்துவ அறிக்கையில் இடம்பெறாத பல செய்திகள் அவர்களிடம்தான் இருக்கும்.

முதலில் எழுத வேண்டியது, அவர் நிம்மதியாக இருக்கும்போது எப்படி இருப்பார் என்பது. பலரும் துன்பத்தின் அறிகுறிகளிலிருந்து தொடங்குகிறார்கள். அது சரியல்ல என்று நினைக்கிறேன். அமைதியான முகம் எது என்று தெரியாதவருக்கு, மாறிய முகம் கண்ணில் படாது. மூச்சின் வேகம், விரல்கள் இருக்கும் நிலை, எழுப்பும் ஒலி, கண் போகும் திசை, தோலின் நிறம் ஆகியவற்றை எளிய சொற்களில் எழுதுங்கள். அடுத்து ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக மூன்று நெடுவரிசைகளாகப் பிரித்து, அவர் என்ன செய்கிறார், அதன் பொருள் என்னவென்று நாம் நினைக்கிறோம், நாம் என்ன செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்துங்கள். அக்காவின் குறிப்பேட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "இடது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்குகிறார். வயிறு உப்பியிருக்கலாம் என்று நினைக்கிறோம். கடைசியாக மலம் கழித்த நாளைப் பாருங்கள்." இதில் "நினைக்கிறோம்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது நம் ஊகம் மட்டுமே; நாளை வேறொருவர் அதைவிடச் சரியாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

வலிக்குத் தனிப் பக்கம் தேவை. அக்கா முன்பு இருந்த ஓர் இல்லத்தில், அவர் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்ளத் தொடங்கியபோது அதை "நடத்தைக் கோளாறு" என்று பதிவு செய்து, மூன்று வாரங்கள் தூக்க மருந்து கொடுத்தார்கள். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது. அந்த மூன்று வாரங்களை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. உடலின் நோய் தரும் அறிகுறியை இயலாமையின் கணக்கில் எழுதிவிடுவது மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்ட பிழைதான். ஆகவே, நடத்தையில் திடீர் மாற்றம் தெரிந்தால் எவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்: பல், காது, மலச்சிக்கல், நெஞ்சு வரை எதுக்களிக்கும் அமிலம், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் வலி, படுக்கைப் புண், இடுப்பு மூட்டு, எலும்பு முறிவு. கால் ஊன்றி நிற்காதவர்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்துவிடும். வலிப்புக்கான சில மருந்துகளை நீண்ட காலம் உட்கொள்வதாலும் அது குறையும். கீழே விழாமலேயே, உடை மாற்றும்போதுகூட எலும்பு முறியலாம். மலச்சிக்கலைச் சிறிய தொல்லை என்று எவரும் ஒதுக்க வேண்டாம். கவனிக்காமல் விட்டால் அது உயிருக்கே ஆபத்தாகும்.

உணவுப் பக்கத்தை எழுதும்போது "மசித்தது", "கெட்டியானது" போன்ற சொற்கள் போதா. ஒருவருக்குக் கெட்டியாகத் தெரிவது இன்னொருவருக்குத் தளர்வாகத் தெரியும். உணவின் பதத்தையும் பானங்களின் அடர்த்தியையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் சர்வதேச அளவுமுறை ஒன்று இருக்கிறது. விழுங்குதல் சிகிச்சையாளரிடம் கேட்டு, உணவுக்கு எந்த எண், பானத்துக்கு எந்த எண் என்று எழுதிவிடுங்கள். ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் உண்பவர் முகத்தை மேலே உயர்த்துவார். அப்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது எளிது. எனவே ஊட்டுபவர் கண்ணுக்கு நேராக அமர வேண்டும். ஒரு வாயை விழுங்கியதை உறுதி செய்த பிறகே அடுத்த கரண்டி. உண்டு முடித்தபின் குறைந்தது 30 நிமிடங்களாவது நிமிர்ந்த நிலையிலேயே இருக்க வேண்டும். இருமாமலேயே உணவு நுரையீரலுக்குள் செல்வதும் உண்டு. கண் கலங்குதல், குரலில் நீர் கொப்பளிப்பது போன்ற ஒலி, அடிக்கடி வரும் சளிக்காய்ச்சல் ஆகியவை அதன் அடையாளங்களாக இருக்கலாம்.

படுக்கும் நிலையையும் உட்காரும் நிலையையும் சொற்களால் விளக்குவதைவிட, உடை அணிந்த நிலையில் எடுத்த இரண்டு படங்களை ஒட்டிவிடலாம். தலையணை எங்கே, முழங்கால்களுக்கு இடையில் எது என்பது அதில் தெளிவாகத் தெரியும். தோலில் தோன்றும் சிவப்பு, விரலால் அழுத்தி எடுத்த பின்னும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, எனவே சூட்டையும் தடிப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வலிப்பு வருபவராக இருந்தால், அவருடைய வழக்கமான வலிப்பு எப்படித் தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று எழுதுங்கள். மருத்துவர் தனியாக வேறு வரம்பு சொல்லியிருந்தாலன்றி, 5 நிமிடங்களைத் தாண்டினால் அவசர உதவியை அழைக்க வேண்டும்.

அடுத்த பக்கத்தைத்தான் பெரும்பாலான குடும்பங்கள் எழுதுவதில்லை. அவர் ஒரு வளர்ந்த பெண். என் அக்காவை ஐம்பது வயதை நெருங்கிய பின்னும் "பாப்பா" என்று அழைத்தவர்கள் இருந்தார்கள். அன்பால்தான் அழைத்தார்கள், ஆனால் குழந்தையாகப் பார்க்கப்படும் பெண்ணுக்கு மார்பகப் பரிசோதனை தேவை என்பதோ, மாதவிடாய் நிற்கும் காலத்தில் உறக்கம் கெடும் என்பதோ எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எந்தப் பெயரால் அழைக்க வேண்டும், எப்படிப்பட்ட உடை அணிவிக்க வேண்டும், குளிப்பாட்டவும் அணையாடை மாற்றவும் யார் வரலாம், அப்போது கதவும் திரையும் எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதுங்கள். மாதவிடாய் நாட்களைக் குறித்து வையுங்கள். சில பெண்களுக்கு அந்த நாட்களை ஒட்டி வலிப்பு அதிகமாகும். பராமரிப்பு எளிதாகும் என்ற காரணத்துக்காகக் கருப்பையை எடுத்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால் உடன்படாதீர்கள். ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, கருவுறும் ஆற்றலை இழக்காமல் இருக்கும் உரிமை மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் உண்டு என்கிறது. சுரண்டல், வன்முறை ஆகியவற்றிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமையை அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. சொல்ல இயலாத பெண்ணின் உடலில் காரணம் தெரியாத காயமோ, இரத்தக்கசிவோ, ஒருவர் அருகில் வந்தால் மட்டும் உடல் விறைப்பதோ தென்பட்டால், அன்றைய தேதியிட்டு எழுதி, இல்லத்தின் நிர்வாகிக்கு மட்டுமல்லாமல் வெளியில் உள்ள பொறுப்பான அதிகாரிக்கும் தெரிவியுங்கள்.

அவருடைய மகிழ்ச்சிக்குத்தான் நான் அதிகப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன். 1980களில் இங்கிலாந்தில் மெலனி நிண்ட், டேவ் ஹெவெட் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றிய ஆசிரியர்களும், பேச்சு வராதவர்களின் ஒலியையும் அசைவையும் திரும்பச் செய்து, காத்திருந்து, முறைவைத்து உரையாடும் ஒரு வழியை உருவாக்கினார்கள். நானும் அதையே செய்கிறேன். அக்கா "ம்ம்" என்று தாழ்ந்த குரலில் முனகுவார். நானும் "ம்ம்" என்பேன். பிறகு எதுவும் செய்யாமல் காத்திருப்பேன். சில நாள் அரை நிமிடம் கழிந்த பிறகுதான் அவர் தலை என் பக்கம் திரும்பும், வாய் ஓரம் இலேசாக அசையும். அதற்குள் அடுத்த பேச்சைத் தொடங்கிவிட்டால் அந்தப் பதிலை இழந்துவிடுவோம். உங்கள் சகோதரி பதில் தர எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். குளியலுக்கு முன் கையில் வைக்கும் துண்டு, வெளியே செல்லுமுன் தொடவைக்கும் பை போன்று, நடக்கப்போவதை உணர்த்தும் பொருள்களையும் குறித்து வையுங்கள். அவை எப்போதும் அதே பொருள்களாக இருக்க வேண்டும். அவருடைய சிறுவயதுப் படத்தையும், பெற்றோர் யார், எங்கே வளர்ந்தார் என்ற சில வரிகளையும் சேருங்கள்.

எழுதி முடித்ததைச் சுவரில் ஒட்ட வேண்டாம். அது அவருடைய அந்தரங்கம். ஒரு படி சக்கர நாற்காலியின் பையிலும், இன்னொன்று உங்களிடமும் இருக்கட்டும். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல, வலி, விழுங்குதல், வலிப்பு, ஒவ்வாமை, மருந்துகள் ஆகியவை மட்டும் அடங்கிய ஒற்றைத்தாள் தனியாக இருக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், மருத்துவமனையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் பணியாளர்களுடன் அமர்ந்து படியுங்கள். மாறிய வரியை அழிக்காமல் கோடிட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் எழுதியவர் பெயரும் இடுங்கள்.

கடைசிச் சில தாள்களை வெறுமையாக விட்டு, எவரும் எழுதலாம் என்று மேலே குறிப்பிடுங்கள். சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பணியாளர் அங்கே எழுதியிருந்தார்: "தலை வாரும்போது பின்கழுத்திலிருந்து தொடங்கினால் தோள் தளர்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்." எனக்கு அது தெரியாது. நிம்மதியைப் பற்றிய முதல் பக்கத்தில் அவர் பெயருடன் அதை எடுத்து எழுதினேன்.