கொழிஞ்சாம்பாறையில் 7.5 மீட்டர் டிஷ்: நிறுத்துவதும் சோதிப்பதும்

பாலக்காடு மாவட்டத்து எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தரை நிலைய ஆன்டெனா (செயற்கைக்கோளோடு பேசும் பெரிய டிஷ்) போட வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது காற்றைப் பற்றி. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கிற காற்று லேசுப்பட்டதல்ல. 14 கிகாஹெர்ட்ஸில் 7.5 மீட்டர் டிஷ்ஷின் பீம் அகலம், அதாவது அலைக்கற்றையின் அகலம், சுமார் 0.2 டிகிரிதான். அதனால் எந்த வேகக் காற்றில் டிஷ் சாயாது என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வேகத்தில் எவ்வளவு விலகும் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பீம் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் விலகல் நின்றால் சரி.

அடுத்தது பேனல்கள். மேற்பரப்புப் பிழை 1 மில்லிமீட்டர் ஆர்.எம்.எஸ். (ஒருவகைச் சராசரி) இருந்தால் 4 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் பலத்தில் 0.1 டெசிபெல்தான் போகும். அதே பிழை 14-இல் 1.5 டெசிபெல்லைத் தின்றுவிடும். ஆன்டெனா பொறியாளர் ஜான் ரூஸ் 1966-இல் கொடுத்த சூத்திரம் இதைத்தான் சொல்கிறது. கே.யு. பேண்டுக்கு (இந்த 14 கிகாஹெர்ட்ஸ் அடங்கிய அலைவரிசைக்கு) அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவராமல் போல்ட்டைக் கடைசியாக இறுக்க நான் விடமாட்டேன்.

இந்த இடத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. 83 டிகிரி கிழக்கில் உள்ள செயற்கைக்கோள் இங்கிருந்து 75 டிகிரி உயரத்தில் தெரியும். டிஷ்ஷை நேர் மேலே பார்க்க வைத்துப் பேனல்களைச் சரிசெய்தால், வேலை செய்யப்போகும் நிலையும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். சொந்த எடையால் வரும் வளைவு பெரிதாக மாறாது. ஆனால் மழைத் தண்ணீர் உள்ளே நிற்கும். வடிகால் துளையை மறக்காதீர்கள்.

பீம் வடிவத்தை அளக்கத் தரையில் டவர் தேடவேண்டாம். 14 கிகாஹெர்ட்ஸுக்கு அது 5 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கவேண்டும். செயற்கைக்கோள் விடாமல் அனுப்பும் அடையாள சிக்னலான பீக்கன் போதும். 4 கிகாஹெர்ட்ஸ் பீக்கனை வைத்து அசிமுத்தில் (பக்கவாட்டில்) ஓட்டிப் பார்த்த ஒரு பையன், "அண்ணா, பீம் அகலம் 0.7 டிகிரி வரவேண்டியது 2.8 காட்டுது, ஃபீடைக் கழட்டட்டுமா?" என்று கேட்டான். ஃபீடு என்பது டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் பகுதி. கழற்றவேண்டாம். உயரக்கோணம் 75 என்றால் அசிமுத்தில் ஒரு டிகிரி திருப்பினாலும் வானத்தில் கால் டிகிரிதான் நகரும். திருப்பிய கோணத்தை அளக்கும் என்கோடர் காட்டுவதை உயரக்கோணத்தின் கொசைனால் பெருக்குங்கள், 0.7 வந்துவிடும். எலிவேஷனில் (மேலும் கீழுமாக) ஓட்டும்போது இந்தத் திருத்தம் கிடையாது. சைட்லோப் (முக்கிய பீமுக்குப் பக்கத்தில் சிதறும் அலை) வரம்போடு ஒப்பிடும் முன் இதைச் செய்யாவிட்டால் நல்ல ஆன்டெனாவும் தோற்றதாகத் தெரியும்.

அப்புறம் ஜி/டி, அதாவது ஆன்டெனாவின் பெருக்கத்துக்கும் இரைச்சல் வெப்பநிலைக்கும் உள்ள விகிதம். முதலில் சூரியனைப் பார்த்து இரைச்சலை அளந்து, அதே உயரக்கோணத்தில் வெற்று வானத்தையும் அளந்து, இரண்டின் விகிதத்தை எடுங்கள். சூரியன் அரை டிகிரி அகலம். கே.யு. பேண்டில் அது பீமை விடப் பெரிது, அதற்கான திருத்தம் கட்டாயம். அன்றைய சூரியக் கதிர்வீச்சு அளவையே போடுங்கள், பழைய எண் உதவாது. பேனல்களில் மங்கலான வெள்ளைப் பெயின்ட் அடித்து முடிக்கும்வரை டிஷ்ஷைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. பளபளப்பான உலோகம் வெயிலைக் குவித்து ஃபீடைக் கருக்கிவிடும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் தானாகவே செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும், அதற்கு முன்பே பெயின்ட் வேலை முடிந்திருக்கட்டும்.