உதட்டுக்குள் ஒளியும் பொட்டலம்

சிகரெட்டை வாடை காட்டிக்கொடுக்கும். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கும் புகையிலைப் பொட்டலத்தில் புகையே கிடையாது. வீட்டில் லேசில் தெரியாது. பல் துலக்கும்போது பிள்ளையின் கீழுதட்டை மடக்கிப் பாருங்கள். ஒரே இடம் வெளுத்துச் சுருங்கியிருந்தால் சந்தேகப்படலாம். பாக்கு கலந்த குட்கா வாயை இறுக்கும். 3 விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடியாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடித்தால் ஒளிக்கும் இடம்தான் மாறும். “யார் கொடுத்தது?” என்பதைவிட, “எப்போதெல்லாம் போடத் தோணுது?” என்று கேட்டால் பதில் வரும். நிறுத்திய முதல் 3 நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் அதிகம். அதைத் திமிர் என்று எண்ணிவிடாதீர்கள். இலவச ஆலோசனைக்குத் தேசிய போதை மீட்பு உதவி எண் 14446.

இன்னும் தொடாத பிள்ளையா? “வேணாம்டா, பயிற்சிக்குப் போகணும்” என்று மறுக்க வீட்டிலேயே பழக்குங்கள். அப்பாவுக்கு சிகரெட் வாங்க மட்டும் கடைக்கு அனுப்பாதீர்கள்.