அப்பத்தா வீட்டுக் கணினிக்குப் புது ஹார்ட் டிஸ்க்

கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டு இரண்டாம் கட்டில், 2009இல் வாங்கிய கணினி இன்னும் ஓடுகிறது. அத்தைமார் கல்யாணத்து இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தச் சீட்டு), முறைச்சிட்டை (சீர் முறைப் பட்டியல்) எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருக்கிறேன். போன மாதம் அதன் ஹார்ட் டிஸ்க் பல்லி போலச் சொல்ல ஆரம்பித்தது. பல்லிக்குப் பலன் பார்க்கும் நாம் இதற்கும் பார்த்தாக வேண்டும். சத்தம் கேட்ட அன்றே முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிஸ்கில் செருகியிருப்பது ஒல்லியான கேபிளும் எல் வடிவ வாயும் என்றால் அது சாட்டா என்ற இன்றைய வகை இணைப்பு, கவலையில்லை. அகலமான பட்டை நாடா என்றால் ஐடிஇ என்ற பழைய வகை. இன்றைய டிஸ்க் அதில் நேராகச் சேராது. பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) உள்ள கணினியில் விண்டோஸையும் புது டிஸ்கிலேயே ஏற்றுவதானால் 2 டெராபைட்டைத் தாண்டாதீர்கள். நான் கோப்புகளுக்கு மட்டும் 1 டெராபைட் (ஆயிரம் ஜிபி) வாங்கினேன்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்வது அவசியம். ஆத்தங்குடிக் கல்லின் பூவேலைக்குள் விழுந்த ஒரு திருகாணியை அரை மணி நேரம் தவழ்ந்து தேடியவன் நான்.

எங்கள் பெட்டியில் மின் இணைப்பு மிச்சமில்லை. டிவிடி டிரைவின் இரண்டு கேபிள்களையும் கழற்றிப் புது டிஸ்குக்குக் கொடுத்தேன். டிவிடியைத் தேடி இதுவரை யாரும் வரவில்லை. டிஸ்கை இருபுறமும் திருகாணி போட்டு இறுக்குங்கள். ஆடினால் ஆயுள் குறையும்.

கணினியைப் போட்டதும் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போய், இரண்டு டிஸ்கும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கேபிளை மறுபடி அழுத்திச் செருகுங்கள்.

இனித்தான் நிதானம் வேண்டும். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் புது டிஸ்கைத் தயார் செய்யட்டுமா என்று கேட்கும். 1 டெராபைட்டுக்கு எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறை போதும். பிறகு கறுப்புப் பட்டையாகத் தெரியும் காலி இடத்தில் வலது கிளிக் செய்து, புது வால்யூம் உருவாக்கி, என்டிஎஃப்எஸ் என்று ஃபார்மட் செய்யுங்கள். கை வைக்குமுன் அளவை இரண்டு முறை படியுங்கள்: எங்களுக்குப் பழையது 298 ஜிபி, புதியது 931 ஜிபி. பழைய டிஸ்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று ஏதாவது பெட்டி கேட்டால், யோசிக்காமல் ரத்து செய்யுங்கள்.

அந்த 931ஐப் பார்த்துவிட்டு அப்பத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஆயிரம் என்றுதானே காசு வாங்கினான்? மிச்சம் எங்கே?" கடைக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது என்று விளக்கினேன். கடைக்குத் திரும்பப் போய்க் கேட்கச் சொன்னார்.