மாரியில் காரை நிறுத்தி வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஐப்பசிக் கடைசியில் பிடிக்கும் மழை தை வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஓடிவிட்டு விட்டுப்போன கார், வெள்ளாமை வேலையில் இறங்கியவரின் வான் எல்லாம் இந்த மாதங்களில்தான் வளவுக்குள் நிற்கும். மாசியில் கதவைத் திறந்தால் சீட்டில் பூஞ்சணம், இறுகிப்போன பிறேக், செத்த பற்றரி. மேலே விழுந்த மழையைக் குறை சொல்லாதீர்கள். வழிந்து ஓடிய தண்ணீர் பெரிய கெடுதல் செய்வதில்லை. உள்ளேயும் அடியிலும் அடைபட்டு நின்ற ஈரம்தான் செய்கிறது. அதை அடைத்து வைப்பது பெரும்பாலும் நாங்களேதான்.

உவர்த் தண்ணீரும் கழிவு ஒயிலும்

நிறுத்துமுன் கழுவுவது சரி. எந்தத் தண்ணீரில் என்று பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஊர்களில் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீர் காய்ந்ததும் உப்பு மட்டும் இரும்பில் தங்கும். காற்றில் ஈரம் ஏறும் நேரமெல்லாம் அந்த உப்பு அதை இழுத்து வைத்துக் கறளைத் தொடக்கும். அடித்தட்டு, சக்கர வளைவுகளின் உட்பக்கம், கதவுகளின் அடி விளிம்பு மூன்றையும் குழாய்த் தண்ணீரால் அலசுங்கள். பிறகு ஒரு முழு நாள் வெயிலில் விட்ட பின்தான் கொட்டிலுக்குள் ஏற்ற வேண்டும். மாலையில் கழுவி இரவே மூடி வைப்பதைவிடக் கழுவாமலே விடுவது நல்லது.

கறள் பிடிக்காமலிருக்கக் கழிவு ஒயிலை மண்ணெண்ணெயில் கலந்து அடியில் விசிறும் பழக்கமும் இருக்கிறது. அந்த ஒயில் றப்பர் புஷ்களையும் மூட்டுகளை மூடும் றப்பர் உறைகளையும் ஊதவைத்து மென்மையாக்கும், பிறேக்கில் பட்டால் பிடி போய்விடும், மழையோடு கிணற்றுக்கும் இறங்கும். மெழுகு வகை அடித்தட்டுப் பூச்சு விற்கிறார்கள். காய்ந்த இரும்பில் அதை அடியுங்கள், பிறேக்கிலும் சைலன்சரிலும் படாமல்.

தறப்பாளை இறுக்கிப் போர்த்துவது

எல்லாத் தவறிலும் கெட்டது இதுதான். பகலில் தறப்பாளுக்குக் கீழே சூடேறி நிலத்து ஈரம் ஆவியாகிறது. இரவில் அது பிளாஸ்டிக்கின் உட்பக்கம் துளியாகப் படிந்து பெயின்ற்றில் சொட்டுகிறது. இரண்டு மாதம் இப்படி நடந்தால் பெயின்ற்றுக்குக் கீழே கொப்புளம் வரும். கொண்டல் காற்றில் தறப்பாள் அடிபட்டு, ஒட்டியிருக்கும் மணலால் கூரையைத் தேய்ப்பது வேறு. தறப்பாளைத் தடி நட்டுக் கூரையாகக் கட்டுங்கள். காருக்கும் அதற்கும் இடையே ஒரு அடியாவது காற்று ஓடட்டும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். போர்த்தியே ஆகவேண்டுமென்றால் காற்றுப் புகும் துணி உறை வாங்குங்கள்.

நிலமும் கவனிக்க வேண்டியது. மணல் தரையில் மாரிக்கு நீர்மட்டம் மேலே வந்துவிடும், அடித்தட்டு இரவும் பகலும் அந்த ஆவியில் குளிக்கும். சீமெந்துத் தரைக்குக் கீழே விரிக்கும் 1000 கேஜ் பொலித்தீனைக் காரின் நீள அகலத்தைவிட ஒரு அடி கூட வைத்து விரித்து, சக்கரங்களைப் பலகையில் ஏற்றுங்கள். கூரை உள்ள, சுற்றுப்புறத்தைவிட உயரமான இடத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். தாழ்ந்த இடத்தில் விரித்தால் பொலித்தீனின் மேலேயே குளம் கட்டும்.

தென்னைக்குக் கீழே நிறுத்தக் கூடாது என்று சொல்லவே தேவையில்லை. மாவும் வேம்பும் வேறு வழியில் கெடுக்கும். வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டிக்குள் சருகு இறங்கி வடிகாலை அடைக்கிறது. தேங்கிய தண்ணீர் ஏசிக் காற்று போகும் வழியால் உள்ளே வந்து முன் காப்பெட்டை நனைக்கிறது. பலர் கண்ணாடி றப்பரை மாற்றிப் பார்த்துக் காசைத் தொலைப்பது இதனால்தான். நிறுத்துமுன் சருகை அள்ளிவிட்டு அந்தத் தட்டியில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடியில் முன் சக்கரப் பக்கம் நிலத்தில் வடிய வேண்டும். கதவுகளின் அடியில் உள்ள சிறு துளைகளையும் ஈர்க்கால் குத்தி விடுங்கள்.

பற்றரியும், "கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட்" பழக்கமும்

நிறுத்திய காரும் கரண்ட் குடிக்கும். அலாமும் கணினியும் 30 மில்லியம்பியர் எடுத்தால் நாளுக்கு 0.72 அம்பியர் மணி, 30 நாளில் 21 அம்பியர் மணிக்கு மேல். 45 அம்பியர் மணிப் பற்றரியில் ஏறக்குறைய பாதி! நன்றாகச் சார்ஜான பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தட்டுகளில் சல்பேற் இறுகி, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது கடைசியாகப் பூட்டுங்கள். மாதம் ஒரு தடவை 4 அம்பியர் அளவில் சார்ஜ் ஏற்றினால் போதும்.

கிழமைக்கு ஒருக்கா ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது உதவிபோலத் தெரியும், உண்மையில் உபத்திரவம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வரும். எஞ்சின் சூடேறுமுன் நிறுத்தினால் அது சைலன்சரிலும் ஒயிலிலும் தங்கிவிடும். ஸ்டார்ட்டர் எடுத்த கரண்ட்டும் அந்த ஐந்து நிமிடத்தில் திரும்பாது. ஓட்டுவதென்றால் அரை மணிக்குக் குறையாமல் வீதியில் ஓட்டட்டும். இல்லாவிட்டால் தொடாமல் விடட்டும்.

ஹைபிரிட் கார்களுக்கு இந்த ஓட்டம் கட்டாயம். சில மாதத்துக்கு ஒரு தடவையாவது 30 நிமிடம் அல்லது 16 கிலோமீற்றர் ஓட்டும்படி டொயோட்டா கையேடுகள் சொல்கின்றன, காரை ஓட்டும் பெரிய ஹைபிரிட் பற்றரியும் மெல்ல இறங்குவதால். பல பிரியஸ்களில் 12 வோல்ட் பற்றரி டிக்கிக்குள் இருக்கிறது, டிக்கி திறப்பதும் கரண்ட்டில்தான். பற்றரியைக் கழற்றி டிக்கியைச் சாத்திவிட்டுத் தவிக்காமல், பொனட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் ஜம்ப் முனை எங்கே என்று முதலிலேயே பார்த்து வையுங்கள்.

பிறேக், ரயர், ஒயில்

ஹேண்ட்பிறேக்கை இழுத்து விடாதீர்கள். ஈரத்தில் பிறேக் கட்டைகள் டிரம்மோடு ஒட்டிவிடும். முதலாம் கியரில், ஓட்டோ என்றால் ‘பி’யில் விட்டுச் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். ரயருக்கு வழமையைவிட 5 பி.எஸ்.ஐ. கூட அடியுங்கள், பக்கச் சுவரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டாமல். எஞ்சின் ஒயிலை வந்த பிறகு மாற்றலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள், ஆனால் பழைய ஒயிலில் அமிலமும் தண்ணீரும் இருப்பதால் நிறுத்துமுன்தான் மாற்ற வேண்டும். டீசல் வான் என்றால் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்து, டாங்கியை நிரப்பி விடுங்கள். டாங்கியில் தண்ணீர் தங்கினால் டீசலில் கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும்.

உள்ளே

கடைசி ஓட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் ஏசியை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டால் ஏசிக்குள் தங்கிய ஈரம் காயும். மிதியடி, துணி, குழந்தைகள் சிந்திய பிஸ்கட் தூள் எதையும் உள்ளே விடாதீர்கள். காற்றோட்டத்துக்கென்று கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைப்பவர்கள் அதிகம். மாரிக் காற்றே ஈரம், அதை உள்ளே அழைத்துவிட்டுச் சிலிக்கா ஜெல் வைத்துப் பயனில்லை. கண்ணாடியை முழுதாக ஏற்றி, 500 கிராம் சிலிக்கா ஜெல் பை முன்னுக்கொன்று பின்னுக்கொன்று வையுங்கள். மழை விட்டு வெயில் எறிக்கும் நாளில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 வரை நான்கு கதவையும் திறந்து விட ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். அந்துருண்டை வேண்டாம். அந்த வாடை சீட்டை விட்டுப் போகாது, மூச்சுக்கும் கூடாது.

உர மூட்டையும் எலியும்

கார் நிற்கும் கொட்டிலிலேயே உரத்தை அடுக்குவது அம்பாறைப் பக்கம் சாதாரணம். உரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். பொட்டாஷ் உரத்தில் இருப்பது குளோரைட், கறளுக்கு உப்பைப் போலவேதான். நனைந்த வலையும் படகு எஞ்சினும் அப்படியே. நெல் மூட்டை எலியைக் கூப்பிடும். வயலில் தண்ணீர் ஏறியதும் எலிகள் மேட்டுக்கு வரும், பொனட்டுக்குள் ஏறி வயரைக் கடிக்கும். காற்று ஃபில்டரின் வாயையும் சைலன்சர் வாயையும் கால் அங்குலக் கம்பிவலையால் மூடி, ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டி விடுங்கள், எடுக்கும் நாளில் மறக்காமல் கழற்ற.

வெள்ளம் ஏறினால்

தண்ணீர் காருக்குள் தரைவரை வந்திருந்தால், ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம் என்று திறப்பைத் திருப்பவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே சுற்றில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கம்பி (கனெக்டிங் றொட்) வளையும். பற்றரி பூட்டியிருந்தால், நிற்பது ஹைபிரிட் இல்லையென்றால், மைனஸ் வயரைக் கழற்றுங்கள். ஹைபிரிட்டில் எதையும், முக்கியமாகச் செம்மஞ்சள் வயர்களை, தொடாமல் கராஜ்காரரைக் கூப்பிடுங்கள். காப்புறுதியில் வெள்ளம் அடங்குகிறதா என்பதைப் புரட்டாதியிலேயே கேட்டு, இல்லையென்றால் சேர்த்துக் கொள்ளுங்கள்.