ஆய்வுக் கட்டுரையைத் தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்குக் கொண்டு போவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வளர்ந்து, இப்போது முதுகலையோ முனைவர் பட்டமோ செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. உங்கள் ஆய்வு ஆங்கில இதழில் வரும், உங்கள் துறைக்காரர்கள் படிப்பார்கள், அவ்வளவுதான். குலை வெட்டுகிறவர் வரை அது போக வேண்டுமென்றால் செயற்கை நுண்ணறிவு பாதி வேலையைச் செய்து தரும். மீதிப் பாதியை அதன் கையில் விட்டால் வம்பு.

முதலில் சாட்ஜிபிடியைத் திறக்காதீர்கள். யார் கேட்கப் போகிறார், கேட்டுவிட்டு அவர் எதை முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். கனோடெர்மா நோயையே எடுத்துக்கொள்வோம். செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் பூஞ்சை அது. மரத்தடியில் காளான் தெரியும்போது உள்ளே பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். நாலு ஏக்கர் வைத்திருக்கும் அண்ணனுக்குப் பூஞ்சையின் மரபணு வேண்டாம், மறுநடவு செய்யும்போது பழைய அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கணுமா, அப்படியே விடலாமா என்பதுதான் வேண்டும். அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கட்டுரையைக் கொடுத்தால் வரும் வரைவும், வெறுமனே 'தமிழில் சுருக்கு' என்றால் வருவதும் ஒன்றாக இருக்காது.

கட்டுரையை ஏற்றுவதற்கு முன் அதன் உரிமத்தைப் பாருங்கள். வெளிவராத தரவு, பேட்டி கொடுத்தவர்களின் பெயர் உள்ள கோப்பு, இரண்டையும் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

சரி, வரைவு வந்துவிட்டது. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைக் கனோடெர்மாவுக்கு எதிராக நாற்றுப்பண்ணையில் சோதித்த கட்டுரை ஒன்றைக் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். கட்டுரையில் 'இத்தனை மாத நாற்றுகளில் நோயின் தீவிரம் குறைந்தது, வயலில் இன்னும் சோதிக்க வேண்டும்' என்று இருக்கும். சுருக்கத்தில் 'டிரைக்கோடெர்மா நோயைத் தடுக்கும்' என்று வந்து நிற்கும். நாற்று போய்விட்டது, வயல் போய்விட்டது. அண்ணன் அடுத்த வாரமே கடைக்குப் போய்ப் பை பையாக வாங்கி இருபது வருட மரத்தடியில் கொட்டுவார். அதனால் ஒவ்வொரு வாக்கியமும் கட்டுரையின் எந்த வரியிலிருந்து வந்தது என்று காட்டச் சொல்லுங்கள், காட்டிய வரியைப் பிடிஎஃபில் நீங்களே போய்ப் பாருங்கள், ஏனென்றால் இல்லாத வரியையும் அது கூசாமல் காட்டும். அப்புறம் ஒரு புது உரையாடலில் கட்டுரையைத் தராமல் வரைவை மட்டும் கொடுத்து, 'இதைக் கேட்ட தோட்டக்காரர் என்ன செய்யப் போவார்?' என்று கேளுங்கள். நீங்கள் நினைக்காத பதில் வந்தால் கோளாறு வரைவில்தான்.

தானியங்கி வேலை இதைவிடச் சுலபம். கூகுள் ஸ்காலரில் உங்கள் தலைப்புக்கு ஓர் அறிவிப்பு வைத்தால் புதுக் கட்டுரைகள் மின்னஞ்சலில் வரும்; ஒரு செயலியின் வேலையை இன்னொன்றோடு தானாகக் கோத்துவிடும் ஜாப்பியர், மேக் (Make), என்8என் போன்ற ஏதாவது ஒன்றை வைத்து அந்த அஞ்சலைச் சுருக்கி ஒரு கூகுள் தாளில் (கூகுள் ஷீட்ஸ்) போடச் சொல்லலாம். தாளோடு நிறுத்துங்கள். அங்கிருந்து குழுவுக்கு நேராகப் போகும் கம்பியை மட்டும் இணைக்காதீர்கள், அனுப்பும் பொத்தான் உங்கள் விரலில் இருக்கட்டும்.

குரல் செய்தியாக அனுப்புங்கள், ஒரு நிமிடம் போதும். கூகுளின் நோட்புக்எல்எம் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி தமிழிலேயே பேசித் தரும், ஆனால் அது வானொலிச் செய்தி மாதிரி ஒலிக்கும். நம் ஆட்கள் நம்புவது தெரிந்த குரலை. எழுத்தைச் செயற்கை நுண்ணறிவோடு செய்துவிட்டு, வாயை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் உதவியோடு எழுதியது என்று சொல்லிவிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இப்போது வெட்டுக்கு வருகிறவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசிகள் நிறைய. அதே வரைவை அவர்கள் மொழியிலும் எடுத்து, அவர்களில் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அனுப்ப வேண்டாம்.

காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்) நேரத்தில் அனுப்பாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். சாயங்காலம் அனுப்பினால் கேள்விகள் வரும், 'மரத்தைச் சுற்றி மண் அணைச்சா தாங்குமா?' என்று. அதற்குப் பதிலைச் செயற்கை நுண்ணறிவிடம் வாங்கி ஒட்டாமல், கேள்வியை அப்படியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த கட்டுரையைத் தேடும்போது அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம், உங்கள் மேற்பார்வையாளருக்கும் அதைக் காட்டலாம்.