பழைய லென்ஸில் வீடியோ எடுக்கணுமா? லென்ஸை முதலில் முடிவு பண்ணுங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபிலிம் காலத்திலிருந்து நடக்கும் ஸ்டூடியோ எதிலாவது விசாரித்துப் பாருங்கள், பீரோவில் ஒரு பழைய 50 எம்.எம். லென்ஸ் கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு. அடாப்டர் போட்டால் அது இன்றைய மிரர்லெஸ் (உள்ளே மிரர் இல்லாத) கேமராவில் உட்காரும், வீடியோவுக்கு அருமையாகவும் இருக்கும். ஆனால் நிறைய பேர் கேமராவை வாங்கிவிட்டு அப்புறம் லென்ஸ் தேடுகிறார்கள். என் கருத்து நேர் எதிர். ஃபோகஸையும் அப்பர்ச்சரையும் (வெளிச்சம் நுழையும் துளை) கையால் திருப்பப் போகிறீர்கள், அதனால் கைக்கு ஒத்துவரும் லென்ஸ்தான் முதலில்.

மிரர்லெஸ் ஏன் என்றால், எல்லாம் மவுண்டுக்கும் (லென்ஸ் மாட்டும் வளையம்) சென்சாருக்கும் இடையே உள்ள தூரத்தில் இருக்கிறது. நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ., பென்டாக்ஸ் கே-யிலும் எம்42 திருகு மவுண்டிலும் சுமார் 45.5, பழைய கேனான் எஃப்டி-யில் 42. சோனி இ மவுண்டில் வெறும் 18, நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. மிச்சத் தூரத்தை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர், உள்ளே கண்ணாடியே கிடையாது, படத்தின் தரமும் குறையாது. மிரர் உள்ள கேனான் டிஎஸ்எல்ஆர் கேமராவில் அந்தத் தூரம் 44, ஆகவே நிக்கானும் எம்42-வும் பொருந்தும், எஃப்டி லென்ஸோ, உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தூரத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்யாது. நிக்கான் டிஎஸ்எல்ஆரில் தூரமே 46.5, அடாப்டருக்கு இடமில்லை, இந்த வேலைக்கு வேண்டாம்.

லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது அப்பர்ச்சர் ரிங். நிக்கான் ஏஐ, ஏஐ-எஸ், டி வகைகளில் இருக்கும், ஜி வகையில் இருக்காது. 1987-இல் வந்த கேனான் இஎஃப் லென்ஸ்களில் அப்பர்ச்சர் முழுக்க மின்சாரத்தில் ஓடுகிறது, வெற்றுக் குழாய் அடாப்டரில் அதை மாற்றவே முடியாது. ஃபோகஸ் ரிங் நிறையத் தூரம் சுற்றுகிறதா, பிசிறு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறதா என்பதும் முக்கியம். ஆட்டோஃபோகஸ் காலத்து லென்ஸ்கள் கொஞ்சம் திருப்பினாலே எகிறிவிடும். அப்புறம் ஒரே கம்பெனி லென்ஸ்களாகச் சேருங்கள். நிக்கான் ரிங் சுற்றும் திசை கேனானுக்கு எதிர்த் திசை, ரெண்டையும் கலந்தால் அவசரத்தில் கை தப்பான பக்கம்தான் போகும்.

வாங்கும்போது மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். ஓரிரு தூசி பரவாயில்லை. அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் இருந்தாலும் வீடியோவுக்கு அவ்வளவு பாதிப்பில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். கிருஷ்ணகிரியில் வாங்குகிறீர்கள் என்றால் கேமராவில் மாட்டி மலைக்கோட்டையை ஃபோகஸ் செய்யுங்கள்: கூர்மையாக வரவில்லை என்றால் பெரும்பாலும் அடாப்டர் கொஞ்சம் நீளம், லென்ஸ் ஆடினாலும் அடாப்டரைத்தான் மாற்ற வேண்டும்.

ஃபிலிமைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 எம்.எம். லென்ஸ் 75 மாதிரி நெருக்கமாகக் காட்டும். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் வேஷக்காரர் முகத்தைப் பிடிக்க அது அற்புதம், துளை பெரிதாகத் திறக்கும் எஃப்/1.8 என்றால் குறைந்த வெளிச்சத்திலும் தைரியமாக எடுக்கலாம். சின்ன வீட்டுக்குள் நிச்சயதார்த்தம் என்றால் பின்னால் நகர இடம் இருக்காது, 24 அல்லது 28 ஒன்று கட்டாயம் வேண்டும்.

சரி, கேமரா. ஃபோகஸ் பீக்கிங் (கூர்மையான ஓரங்களைத் திரையில் நிறமிட்டுக் காட்டுவது), ரெக்கார்டிங்கின்போதே திரையைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி, மைக் சொருகும் துளை, இவை இருக்க வேண்டும். பல பழைய மாடல்கள் 30 நிமிடத்தில் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடும், கூத்து எடுப்பவர்கள் இதை விசாரிக்காமல் வாங்காதீர்கள். பழைய லென்ஸ் மாட்டியிருப்பது கேமராவுக்குத் தெரியாது, அதனால் மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்பதை ஆன் செய்யுங்கள். உள்ளே ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) இருந்தால் லென்ஸின் எம்.எம். அளவை நீங்களே கொடுக்க வேண்டும், தப்பாகக் கொடுத்தால் படம் வினோதமாக ஆடும். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் வையுங்கள், டியூப்லைட் மினுக்காது. பகலில் அதே 1/50-க்கு வெளிச்சம் கூடிவிடும், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் முடியாது.

எருது விடும் விழாவில் காளையைத் துரத்தி ஃபோகஸ் செய்ய முயலாதீர்கள். 28 எம்.எம். லென்ஸை எஃப்/8-இல் வைத்து, சுமார் 5 மீட்டர் தள்ளி நிற்பவர் மேல் ஃபோகஸ் வைத்து விட்டுவிட்டால், ஏபிஎஸ்-சி சென்சாரில் இரண்டரை மீட்டரிலிருந்து தூரம் வரைக்கும் தெளிவாக இருக்கும். ரிங் நகராமல் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் சாரலில் மட்டும் இந்தக் கூட்டணியை வெளியே நீட்ட வேண்டாம். பழைய லென்ஸிலும் சரி அடாப்டரிலும் சரி தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் கிடையாது, அருவிக்குத் தள்ளி நின்று 135 எம்.எம்.மில் எடுங்கள்.